பிரிக்கக் கூடாத பொட்டலம்

என் முதல் பல் ஆடத் தொடங்கியபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. கீழ்வரிசையில் முன்பல். நாக்கால் தள்ளினால் முன்னும் பின்னும் போய்வரும். மற்ற பிள்ளைகள் பல் ஆடினால் தெருவெல்லாம் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிவார்கள். நான் கொய்யாப்பழத்தைக்கூடக் கடைவாயில் வைத்துக் கடித்து அந்தப் பல்லைக் காப்பாற்றப் பார்த்தேன். அது விழுந்துவிட்டால் என் பதவி போய்விடும்.

பதவி என்றால் எங்கள் குலசாமியின் கையாக இருப்பது.

எங்கள் ஊர் மத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு வேப்பமரம், அதன் அடியில் அம்மன், பக்கத்தில் ஒரு கிணறு. தனியாகப் பூசாரி கிடையாது. பங்காளிகளில் மூத்த ஆண்தான் கற்பூரம் காட்டுவார். எங்கள் வகையறாவில் போர் போடுவது, நிலம் வாங்குவது, பெண் கொடுப்பது, எடுப்பது என்று எந்தப் பெரிய காரியமும் அங்கே பூ கேட்காமல் நடக்காது. ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. மூத்தவர் கோயிலுக்குப் பின்னால் தனியாகப் போய், இரண்டையும் தனித்தனியே பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டுவார். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். நெல் பரப்பிய தாம்பாளத்தில் அவற்றைக் கொண்டுவந்து அம்மன் முன்னால் வைப்பார். பால்பல் விழாத ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அதற்குமேல் பேச்சே இல்லை.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அதையும் குழந்தையிடமே கொடுத்துக் கிணற்றில் போடச் சொல்வார்கள். சாமி சொல்லாமல் விட்டது நமக்கு எதுக்கு என்பார் தாத்தா. அவர்தான் அப்போது மூத்தவர்.

இந்தப் பதவியில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல. தாம்பாளத்தின் முன்னால் நான் உட்கார்ந்ததும் மாமா, சித்தப்பா, மீசை வைத்த பெரிய பெரிய ஆட்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்ப்பார்கள். தாத்தாவே என்னைப் பார்த்துக் கும்பிடுவார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவேன். விரல் நுனியில் ஏதோ குறுகுறுக்கும். அதுதான் சாமி என்று நினைத்தேன். நான் வெள்ளை எடுத்துக் கொடுத்த இடத்தில் போர் போட்டார்கள், தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பாப்பா கை ராசிக் கை என்று ஊரே சொன்னது. பள்ளியில் அந்தக் கையால் தரையைத் தொடாமல்கூடக் கொஞ்ச நாள் இருந்தேன்.

பிறகு சின்ன அத்தையின் முறை வந்தது. அப்பாவின் தங்கை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, பெங்களூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, போகலாமா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா பூ கட்டினார். அத்தை எனக்குத் தலை சீவிவிட்டு, இரண்டு பக்கமும் ரிப்பன் வைத்து, நெற்றியில் முத்தம் கொடுத்துத்தான் தாம்பாளத்தின் முன்னால் உட்கார வைத்தது. நான் எடுத்தேன். தாத்தா பிரித்தார். சிவப்பு.

அத்தை என்னைப் பார்த்தது. திட்டவில்லை, அழவில்லை. என் ரிப்பன் ஒன்று அவிழ்ந்திருந்தது, அதைச் சரியாகக் கட்டிவிட்டுப் பொங்கல் பானையைப் பார்க்கப் போய்விட்டது. நான் என் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தபடி இருந்தேன். அந்த வருடமே அத்தையைப் பாரூரில் கட்டிக் கொடுத்தார்கள். ஏரிப் பாசனம், நெல்லும் கரும்பும் விளைகிற நல்ல குடும்பம் என்றார்கள். நல்ல குடும்பம்தான்.

என் பல் அதற்குப் பிறகுதான் விழுந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கியே விட்டேன்.

*

நான் படித்தது மெக்கட்ரானிக்ஸ். இப்போது ஓசூரில் கார் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. வெல்டிங் லைனில் நிற்கும் ரோபோ கைகளுக்கு எந்தப் பாகத்தை எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது நான். இந்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஹாஸ்டலில் என் அறைத் தோழிகள் இருவரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வார்கள். ஒரு கை வளைந்து, தயங்கி, சரியான இடத்தில் போய் நிற்பதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

போன வருடம் எங்கள் பிரிவிலிருந்து ஒருவரை ஜப்பானில் இருக்கும் தாய் நிறுவனத்துக்கு ஒரு வருடப் பயிற்சிக்கு அனுப்புவதாக முடிவானது. மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் அங்கேயே, அவர் கேபினிலேயே, சரி என்று சொல்லியிருப்பேன். வீட்டில் கேட்டுவிட்டு வா என்று அவர்தான் சொன்னார்.

அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. சந்தேகமே இல்லை, இருந்தது. பக்கத்தில் இருந்த யாரிடமோ, எம்பொண்ணு ஜப்பானுக்குப் போவுதாம் என்று சத்தமாகச் சொன்னார். என்னிடம் அப்பா எதற்கும் மறுத்ததே கிடையாது. இன்ஜினியரிங் என்றேன், சேர்த்தார். ஓசூரில் தனியாகத் தங்குகிறேன் என்றேன், அவரே வந்து ஹாஸ்டல் பார்த்துக் கொடுத்தார். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஷிஃப்ட் வேலை என்று பங்காளிகள் முணுமுணுத்தபோது, உங்க வூட்டுப் பிள்ளைய நீங்க பூட்டி வையுங்க என்று சொன்னவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஆடியில கோயிலுக்கு வருவ இல்ல பாப்பா, அப்ப சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாம்."

கேட்கலாம்ப்பா என்றேன். தயக்கமே இல்லாமல் சொன்னேன். என் அம்மன், என் கையில் குறுகுறுத்த அம்மன், எனக்கா சிவப்பைக் காட்டும்? தோழிகள்தான் கேலி செய்தார்கள். "ரோபோவுக்கே நீ சொல்லித்தர. ஆனா பூவக் கேட்டுட்டுத்தான் பிளேன் ஏறுவியாடி?" என்றாள் ஒருத்தி. நான் விடுவேனா? அவர்களை உட்கார வைத்து வகுப்பே எடுத்தேன். மனிதன் யோசித்து யோசித்து முடிவெடுக்க முடியாத இடத்தில், யாருடைய ஆசையும் கலக்காத ஒரு பதில் வேண்டும். அதைத்தான் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கட்டுகிறவருக்கே எது எதில் என்று மறந்துபோகும்படி மாற்றி மாற்றி வைப்பார்கள். எடுப்பது ஒன்றும் தெரியாத குழந்தை. இதைவிட நியாயமான முறை உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள் என்றேன். யாருடைய ஆசையும் கலக்காத பதில். அந்த வார்த்தைகள் எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கின்றன.

தாத்தா இறந்து பல வருடமாகிவிட்டதால் ஆடியில் அப்பாதான் பூ கட்டினார். எடுத்தது என் அண்ணன் மகள். நான் சின்ன அத்தையை எப்படி அத்தை என்று கூப்பிட்டேனோ அப்படி அவள் என்னைக் கூப்பிடுகிறாள். அவளுக்கு அது முதல் தடவை. பை வைத்துத் தைத்த புதுக் கவுன், அதில் கையை விட்டுக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி நடந்து வந்தாள். பாரூர் அத்தையும் வந்து என் பக்கத்திலேயே நின்றது. நான் குழந்தைக்குத் தலை சீவிவிட்டு, நெற்றியில் முத்தம் கொடுத்து உட்கார வைத்தேன். சின்ன அத்தை எனக்குச் செய்தது அது என்று அப்போது தோன்றவே இல்லை.

அவள் எடுத்தாள். அப்பா பிரித்தார். சிவப்பு.

அப்பா என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அழாத கண்ணு, சாமிக்குத் தெரியும் என்றார். நான் அவரைத்தான் சமாதானப்படுத்தினேன். பரவாயில்லப்பா, இன்னொரு வாய்ப்பு வரும் என்றேன். அப்போது என் மகளுக்கு இப்படி ஒரு அப்பா கிடைக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஓசூருக்குத் திரும்பி, வீட்டுச் சூழ்நிலை காரணமாகப் போக முடியவில்லை என்று மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன். அவர் கன்னடக்காரர். என்னைக் கூப்பிட்டு, "யாக்கம்மா? ஏன்? எல்லாம் சரியாதானே இருந்துச்சு?" என்று கேட்டார். என்ன சொல்வது? சாமி வேண்டாம் என்று சொன்னதை அவரிடம் எந்த மொழியில் சொல்வது? எனக்குப் பிறகு சேர்ந்த ஒருவன் போனான். அவன் அங்கே பனியில் நின்று எடுத்து அனுப்பும் படங்களுக்கெல்லாம் லைக் போட்டேன்.

*

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது, பீரோவைக் காலி பண்ணிக் கொடு என்று அண்ணி சொன்னார். அண்ணன் மகள் சாமி காரியத்துக்கு மட்டும் போடுகிற அந்தக் கவுன் அடியில் மடித்து வைத்திருந்தது. உதறினேன். பையிலிருந்து காய்ந்த இலைப் பொட்டலம் ஒன்று விழுந்தது.

அண்ணன் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் தெரியாது என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். கிணறு இருட்டாக இருந்ததாம். எட்டிப் பார்க்கப் பயமாக இருந்ததாம். கிட்டே போய்விட்டுப் போட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி வந்துவிட்டாளாம். சாமி அடிக்குமா அத்த என்று கேட்டாள். அடிக்காது, போ என்று அனுப்பினேன்.

பிரிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். என் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம் அது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். என் வெள்ளைப் பூ எப்படி இருந்தது என்று ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்றுதான் பிரித்தேன். சத்தியமாக அவ்வளவுதான். எனக்குக் கிடைக்காமல் போன வெள்ளைப் பூவைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

உள்ளே இருந்த பூ கறுத்துப்போன செந்நிறத்தில் இருந்தது.

காய்ந்தால் வெள்ளையும் இப்படி ஆகுமோ என்னவோ என்று எனக்கு நானே சொன்னேன். மறுநாள் காலையில் வாசல் செடியிலிருந்து வெள்ளையிலும் சிவப்பிலும் பறித்து, பூவரச இலையில் மடித்து, நாரால் கட்டி மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தேன். சிலதை வெயிலில் வைத்தேன். லேப் மாதிரி. என்ன பண்ற என்று அம்மா கேட்டதற்குப் பிராஜெக்ட் என்றேன். லீவு முடியும்வரை தினமும் மாடி ஏறிப் பார்த்தேன். நிழலோ வெயிலோ, வெள்ளை வைக்கோல் நிறத்துக்குத்தான் போனது. சிவப்பு கறுத்தது, ஆனால் சிவப்பை விடவில்லை. கவுன் பையிலிருந்து வந்ததை அதன் பக்கத்தில் வைத்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்பாவிடம் போகப் பயமாக இருந்தது. அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் நான் நம்பிவிடுவேன் என்கிற பயம். வண்டியை எடுத்துக்கொண்டு பாரூருக்குப் போனேன்.

அத்தை வாய்க்கால் படியில் உட்கார்ந்து பொங்கல் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் பொட்டலத்தை எடுத்து நீட்டியதும் கையை உதறிவிட்டு வாங்கிப் பார்த்தது.

"இது மெதக்கும் கண்ணு. இலைதான. எனக்குப் பூ கேட்ட அன்னைக்கு மத்தியானம் தண்ணி சேந்தப் போனன். வாளியில ஏறி வந்துடுச்சு. சாமியே அனுப்புதுன்னு பிரிச்சுப் பாத்தன்."

என்ன இருந்தது என்று கேட்டேன்.

"செவப்புதான்."

பாத்திரத்தில் ஒட்டிய கரியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னது. இத்தனை வருடமாக அத்தையின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட, அத்தை நர்ஸாகியிருந்தால் என்று நினைத்து என் கையைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். திருவிழாவில் அத்தை முகத்தை நேராகப் பார்க்காமல் போன வருடங்கள் உண்டு. என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்த என்றேன்.

"உங்கிட்டயா? பல்லுகூட விழல உனக்கு. சாமி கையின்னு தூக்கி வெச்சுக்கினு திரிஞ்ச. அதுல போயி என்னான்னு சொல்லுவன்?"

"அது அப்ப. ஆடியில எம்பக்கத்துலதான நின்ன?"

அத்தை மறுபடி தேய்க்க ஆரம்பித்தது. தேய்த்து முடித்த பாத்திரத்தையே தேய்த்தது. "எங்கண்ணன் அப்பிடிப் பண்ணாதுன்னு நெனச்சன்" என்றது. பிறகு, என்னைப் பார்க்காமல், "இன்னொன்னும் நெனச்சன். பொய் எதுக்கு? உனக்கு மட்டும் வெள்ள வந்துட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு நிக்கறதுன்னு நெனச்சன்" என்றது.

கரும்பு கொடுத்துவிட்டது. வண்டியின் முன்னால் வைத்துக் கட்டிவிட்டது. நான் வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்காமல் வந்திருக்க வேண்டும்.

*

அப்பா தோப்பில் இருந்தார். மாமரங்கள் பூவெடுத்திருந்தன. முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் துண்டு கட்டியிருந்ததால் கண் மட்டும்தான் தெரிந்தது. நான் கையை விரித்துப் பொட்டலத்தைக் காட்டினேன். தான் போட்ட முடிச்சு அவருக்குத் தெரியாதா?

"பிரிச்சுட்டியா?" என்றார்.

அதுதான் அவருடைய முதல் கேள்வி. ரெண்டுலயும் செவப்பு என்று நான் சொன்னதும் ஆமா என்றார். மறுக்கவே இல்லை. இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டு வந்தவள், ஆமா என்று கேட்டதும் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் டேங்க்கை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தாத்தா சாகக் கிடந்த நாட்களில்தான் அப்பாவுக்குப் பூ கட்டக் கற்றுக் கொடுத்திருக்கிறார். இலையை எப்படி மடிப்பது, நாரை எப்படி இழுப்பது, எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், மனசு ஒத்துக்காத காரியமாக இருந்தால் ரெண்டிலும் சிவப்பை வை, நல்ல காரியத்துக்கு எவனாவது குறுக்கே நின்றால் ரெண்டிலும் வெள்ளையை வை என்றாராம். அப்பா வாலிபத்தில் ஓசூரில் வந்த புது ஃபேக்டரி ஒன்றுக்கு வேலைக்குப் போக ஆசைப்பட்டதும், பூ கேட்டுச் சிவப்பு வந்ததும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சாமி நிறுத்தியதால்தான் இந்தத் தோப்பு இருக்கிறது என்று முடியும் கதை.

"அப்பதான் எனக்கு வெளங்குச்சு, எனக்கும் இப்பிடித்தான் கட்டியிருக்காருன்னு."

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். வந்தது என்றார். சாகப் போகிற மனிதரிடம் என்ன கேட்பது என்று விட்டுவிட்டாராம். பிறகு தோப்பைப் பார்த்தாராம், எங்களைப் பார்த்தாராம். சாமி எங்கப்பன் கையில் பூந்து கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். சொல்லும்போது அவர் நடிக்கவில்லை. அவர் அதை நம்புகிறார். நான் போக வேண்டும் என்று சாமி நினைத்திருந்தால் ஒரு பல்லி கத்தியிருக்காதா, குழந்தை எடுக்க மாட்டேன் என்று அழுதிருக்காதா, அப்படியெல்லாம் நடந்திருக்கிறது என்றார்.

"போவாதன்னு நீயே சொல்லியிருக்கலாம்ப்பா."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டன். சண்ட போட்டிருப்பன்."

"உங்கூட சண்ட போட என்னால முடியாது பாப்பா."

ஆயிரம் தடவை அதை யோசித்துவிட்டேன். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், சாப்பிடாமல் கிடந்திருப்பேன். அவர் ஜெயித்திருக்கலாம், நான் ஜெயித்திருக்கலாம். எங்களுக்குள் முடிந்திருக்கும். அந்தச் சண்டையை அவர் எனக்குக் கொடுக்கவே இல்லை. யாரோடு நான் சண்டை போட மாட்டேனோ அவளைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்துவிட்டார். அம்மன்மேல் எனக்குக் கோபமில்லை. அவளையும்தான் பேசவிடாமல் செய்துவிட்டார்கள். லைனில் நான் எழுதிக் கொடுத்தபடி பாகத்தை எடுக்கும் கையைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு வேறு ஞாபகம் வருகிறது.

இனிமேல் குழந்தை கையை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதே என்று மட்டும் கேட்டேன். டேங்க்கை மாட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

வீட்டில் அம்மாவிடம், உனக்குத் தெரியுமா என்றேன். ஆம்பளைங்க கட்டறது எனக்கு எப்படித் தெரியும் என்றார் அம்மா. பிறகு, "அன்னைக்குப் பூரா உங்கப்பா சாப்புடல. அதான் ஏதோன்னு நெனச்சன்" என்றார். ஏதோ என்று நினைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறார்.

*

மாங்காய் சீசனில் அண்ணனுக்கு ஓசூரில் நிரந்தர வேலை கிடைத்தது. அதுவரை கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் சீசனுக்கு மட்டும் வேலை. குடும்பத்தோடு ஓசூருக்குக் குடிபோய்விடலாம், குழந்தையை ஜூனில் அங்கேயே பள்ளியில் சேர்க்கலாம் என்று அண்ணி ஆசைப்பட்டார். குழந்தைக்கும் ஆசை. ஓசூரில் எங்கள் ஹாஸ்டலுக்கு எதிரே இருக்கும் பூங்காவில் ஒரு பெரிய சறுக்குமரம் உண்டு, ஒரு தடவை நான்தான் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்பாவும் அம்மாவும் தனியாகி விடுவார்கள் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். பூ கேட்டுடலாம் என்றார் அப்பா.

அண்ணனையும் அண்ணியையும் தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் முகவாயைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப எனக்கு இவளப் பொண்ணு பாத்தப்ப ரெண்டுலயும் வெள்ளையா இருந்திருக்கும்" என்றான். அண்ணி கரண்டியை ஓங்கினார். சிரித்தார்கள். ஆனால் பூ கேட்க வேண்டாம் என்று இருவருமே சொல்லவில்லை. நானும் அவர்களோடு கோயிலுக்குப் போனேன்.

அதே கவுன். கொஞ்சம் ஏறிப்போயிருந்தது. அண்ணன் மகள் தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, நாக்கால் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். கீழ்வரிசை முன்பல். நான் கவனிப்பதைப் பார்த்ததும் சொல்லாதே என்பது போல உதட்டில் விரலை வைத்தாள்.

அப்பா கோயிலுக்குப் பின்னாலிருந்து வந்தார். பொட்டலங்களை வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் கற்பூரம் ஏற்றக் குனிந்த நேரத்தில் நான் அவள் காதருகே போய், ரெண்டையும் எடு என்றேன்.

"தப்பு அத்த" என்றாள். என்னைப் பார்த்து அவளுக்குப் பயமாகிவிட்டது. "சாமி சொல்லறதுதான் எடுக்கணும்."

கண்ணை மூடினாள். கையை நீட்டினாள். விரலில் குறுகுறுத்திருக்கும். எனக்குத் தெரியும். அப்பா பிரித்தார். சிவப்பு.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். அப்பா இன்னொரு பொட்டலத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தார். கிணற்று மேடையில் ஏறும் இடத்தில் நான் அதை வாங்கினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாரை அறுத்தேன். யாரோ ஒரு பங்காளி ஏய் என்றார். எனக்கு அது வேண்டியிருந்தது. எல்லாரும் பார்க்க வேண்டும், ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

வெள்ளை.

காலையில் பறித்த வெள்ளை அரளி. வாடக்கூட இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். "பாத்துக்கினியா?" என்று மட்டும் கேட்டார். அதில் கோபம் இல்லை. நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறார். பேத்தியை ஓசூருக்கு அனுப்ப அவருக்கு மனசே இல்லை, ஆனாலும் ஒன்றில் வெள்ளையை வைத்து, சாமியிடம் விட்டிருக்கிறார். அவரால் அது முடியும். என் விஷயத்தில்தான் அவரால் முடியவில்லை. என்னைத்தான் சாமியிடம்கூட விடவில்லை. அது இரண்டிலும் சிவப்பைப் பார்த்ததைவிட அதிகமாக வலித்தது. பங்காளிகள் எல்லாரும், பொண்ணு படிச்சு என்ன, அப்பனையே சந்தேகப்படுது என்கிற முகத்தோடு நின்றார்கள். நான் சொல்வதை இனி யார் கேட்பார்கள்? அத்தை மட்டும் கேட்டிருக்கும். அது அன்றைக்கு வரவில்லை.

அண்ணன் இப்போது விடியும் முன் எழுந்து பஸ் பிடித்து ஓசூருக்குப் போய்வருகிறான். குழந்தையை மத்தூரிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

அன்று கிணற்று மேடையில் அவள் என் உள்ளங்கையை இழுத்து வெள்ளைப் பூவை எட்டிப் பார்த்தாள்.

"இதுவும் அங்கதான் இருந்துச்சா அத்த?"

ஆமாம் என்றேன். அவள் பூவைப் பார்த்தாள். அப்புறம் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். கவுனில் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். அது உன் கை இல்லடி என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது, எத்தனையோ வருடம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஆனால் இந்தத் தடவை எடுத்தது அவள் கைதான்.

வண்டி தோப்புக்கு வெளியே நின்றது. போகலாம் வா என்று கையை நீட்டினேன். வலது கையைக் கவுன் பைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையைக் கொடுத்தாள்.